டூரிஸ்ட் விசாவில் பாத்திரம் கழுவக் கூடாது

நான் பிறந்து வளர்ந்த வீட்டில் நான் தங்கியிருக்கிறேன் என்பதை என் அண்ணன் அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. வந்து இறங்கிய இருபத்துநாலு மணி நேரத்துக்குள், ஆன்லைனில், பாஸ்போர்ட் நம்பர், விசா நம்பர் எல்லாம் போட்டு. யார் வீட்டில் வெளிநாட்டுக்காரர் தங்கினாலும் வீட்டுக்காரர் சி படிவம் கொடுத்தாக வேண்டுமாம். ஒற்றை விரலால் தட்டிக்கொண்டே வந்த அண்ணன் ஒரு கட்டத்தில் நிறுத்தினான்.

"வந்த காரணம் இன்னான்னு கேக்குது. இன்னா போடட்டும்?"

"அம்மாவைப் பாக்க வந்திருக்கேன்னு போடு."

"யாரோட அம்மா? எங்கம்மாவா, உங்கம்மாவா?" என்று கேட்டுவிட்டு அவனே விழுந்து விழுந்து சிரித்தான். அவன் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தேன். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகிப் பத்து நாள்கூட ஆகவில்லை, இவனுக்குக் கிண்டல் வேண்டிக் கிடக்கிறது.

நான் வெளிநாட்டுக்காரி ஆனது பெரிய கதை இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள மாப்பிள்ளை என்றால் எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் ஜாதகத்தைக்கூட முழுசாகப் பார்க்க மாட்டார்கள். கல்யாணம் ஆனது. பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு ஊருக்குப் போனேன், மூக்கால் பேசும் அந்த பாஷையைக் கற்றுக்கொண்டேன், அந்த ஊர்க் குடியுரிமை வந்தது, இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தேன். என்னைப் போன்றவர்கள் இங்கே வந்து தங்கவும் வேலை பார்க்கவும் ஓ.சி.ஐ. என்று ஒரு அட்டை தருகிறார்கள். அதற்கான விண்ணப்பம் மூன்று வருஷமாக என் மேஜை டிராயரில் கிடக்கிறது. முதலில் போட்டோ அளவு சரியில்லை, அப்புறம் கையெழுத்து கட்டத்தைத் தாண்டிவிட்டது, அப்புறம் எனக்கே அலுத்துவிட்டது. அம்மாவுக்கு ஆபரேஷன் என்று அவசரமாகக் கிளம்பியபோது டூரிஸ்ட் விசாதான் கையில் கிடைத்தது. என் சோம்பேறித்தனத்தை நினைத்தால் எனக்கே என்னை நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கும்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. ஆறு வாரத்தில் வாக்கர் இல்லாமல் நடந்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். ஆனால் அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே நிபந்தனை போட்டுவிட்டாள். "அவ வரட்டும். அப்பதான் நடந்து பழகுவேன்." அதனால்தான் நான் வந்தேன். வந்த அன்றே அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நான் நடந்துட்டா நீ கெளம்பிடுவியா?"

"பின்ன? நீ நடக்குற வரைக்கும்தான் இருப்பேன். சீக்கிரம் நட பாக்கலாம்!"

உற்சாகப்படுத்துகிறேன் பேர்வழி என்று அப்படிச் சொன்னேன். அம்மா போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

என் கம்பெனியில் மூன்று வாரம் லீவு கொடுத்தார்கள். அம்மாவின் முட்டிக்கு ஆறு வாரம் வேண்டும். மீதி மூன்று வாரத்துக்கு என்ன செய்வது? வீட்டிலிருந்தே வேலை செய்ய எங்களுக்கு அனுமதி உண்டு. எந்த வீடு என்று மேனேஜர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அம்மா வீடு வீடு இல்லையா என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டு, லேப்டாப்பையும் ஹெட்செட்டையும் இரண்டு புடவைக்கு நடுவில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். நியாயமான பொருளை யாராவது புடவைக்குள் சுற்றி எடுத்து வருவார்களா?

இனி அண்ணன் கதைக்கு வருகிறேன். சி படிவம் பற்றி அவனுக்குச் சொன்னது, வெள்ளைக்காரர்கள் நிறைய வந்து தங்கும் குயிலாப்பாளையத்தில் கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் அவனுடைய சிநேகிதன். அந்த மனுஷன் அதோடு வாயை மூடியிருக்கலாம். "டூரிஸ்ட் விசாவுல வந்தவங்க வேலை செய்யக் கூடாதுப்பா. இங்க ஒரு வெள்ளைக்காரன் சாப்பாட்டுக்குப் பதிலா ஒரு ஓட்டல்ல பாத்திரம் கழுவினு இருந்தான். விசாரணை, அது இதுன்னு ஆயி மூட்டை கட்டி அனுப்பிட்டாங்க" என்று சொல்லித் தொலைத்தான்.

அண்ணன் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவன். எதையும் பாதியாகச் செய்கிற வழக்கம் அவனிடம் கிடையாது. அன்று மத்தியானம் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு நான் குழாயடிக்குப் போனேன். பின்னாலேயே ஓடிவந்து பிடுங்கினான்.

"கழுவாத! பாத்திரம் கழுவுனதுக்குத்தான் அவனை அனுப்பிட்டாங்க."

"அது ஓட்டல்ண்ணா. இது நான் துன்ன தட்டு."

"தட்டு தட்டுதான். எதையும் தொடாத. உன்னை அனுப்பிட்டாங்கன்னா அப்புறம் அம்மா யாரைப் பாத்து நடக்கும்?"

அன்றிலிருந்து தேங்காய் திருவக் கூடாது, கொடியில் காய்கிற துணியை எடுக்கக் கூடாது, வாசலில் கோலப்பொடி டப்பாவைத் தொடக் கூடாது. செய்தி தெருவுக்கும் பரவிவிட்டது. எதிர் வீட்டு அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் நானும் ஒரு கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தேன். "ஐயையோ, வெச்சிடும்மா, வெச்சிடு! எனக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்பு?" என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

இதையெல்லாம் அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தாள். அண்ணி பக்கத்தில் இருக்கும் பிரம்மதேசம் என்ற ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். காலையில் எழுந்தால் படுக்கிற வரை அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒருநாள் மாவாட்டிய கையோடு வந்து என் முன்னால் நின்றாள்.

"ஏம்மா, வேலையே செய்யக் கூடாதுன்னு ஒரு விசா இருக்குதுல்ல? அது எங்க குடுக்குறாங்க? எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடேன்."

எல்லோரும் சிரித்தோம். அண்ணன்தான் ரொம்பச் சத்தமாகச் சிரித்தான்.

லீவு முடிந்து லேப்டாப்பைத் திறக்கும் நாள் வந்தது. பாத்திரமே கழுவக் கூடாது என்றால் இது மட்டும் ஆகுமா? அண்ணனிடம் கேட்டேன்.

"இதெல்லாம் ஒரு வேலையா? ஒக்காந்துனு போன்ல பேசுறே. போன்ல பேசுறதுக்கு கேசு போட்டா ஊர்ல பாதிப் பேரு உள்ளதான் இருக்கணும்" என்றான்.

அவன் தீர்ப்பு சொல்லிவிட்டான். எனக்கு மனசு ஆறவில்லை. விசா பக்கத்தைத் திறந்து வரிவரியாகப் படித்தேன். ஊர் சுற்றிப் பார்க்கலாம், சொந்தக்காரரைப் பார்க்கலாம் என்று இருந்தது. அம்மா வீட்டில் உட்கார்ந்து வேறு நாட்டுக் கம்பெனிக்கு வேலை செய்யலாமா என்பதற்கு அங்கே பதில் இல்லை. இணையத்தில் விசாரித்தால் பாதிப் பேர், "சம்பளம் வெளிநாட்டிலிருந்துதானே வருகிறது, யார் வேலையையும் நீங்கள் பிடுங்கவில்லையே" என்கிறார்கள். மீதிப் பேர், "வேலை எங்கே உட்கார்ந்து செய்கிறாயோ அங்கேதான் சட்டம்" என்கிறார்கள். தெரிந்த வக்கீல் ஒருவரைக் கேட்டேன். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "அது வந்தும்மா, பிரச்சினை இல்லைன்னும் சொல்ல முடியாது, இருக்குதுன்னும் சொல்ல முடியாது" என்றார். இதைச் சொல்வதற்கு எதற்குக் கறுப்புக் கோட்டு?

அந்தப் பக்கம் பிரான்சிலும் இதே கதைதான். வேறு நாட்டில் இருந்துகொண்டு வேலை செய்தால் வரி, காப்பீடு என்று கம்பெனிக்குத் தலைவலியாம். முன்கூட்டிக் கேட்டு எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் என்று நாங்கள் கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போடுவதில் நான் கெட்டிக்காரி. ஆக, இந்த நாடு பிடித்தால் என்னைத் திருப்பி அனுப்பும், அந்த நாடு பிடித்தால் வேலை போகும். எது நடந்தாலும் அம்மாவை நடக்க வைக்காமல் பாதியில் ஓட வேண்டும். சரி, நடப்பது நடக்கட்டும் என்று உட்கார்ந்தேன்.

என் வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவு. பிரான்சில் யார் வீட்டு மெஷினாவது மக்கர் செய்தால் என்னைக் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது பின்பக்கத் தாழ்வாரத்தில் ஒரே ஒரு மூலையில்தான். அந்த மூலையில் அண்ணியின் வாஷிங் மெஷின் நிற்கிறது. எங்கள் ஊர் உப்புத் தண்ணீரைக் குடித்து இரண்டே வருஷத்தில் அது பல்லை இளித்துவிட்டது. அதன் மேல் பூப்போட்ட துணி விரித்து, மிக்ஸியும் ஊறுகாய் ஜாடியும் வைத்திருந்தார்கள். மிக்ஸியை நகர்த்திவிட்டு லேப்டாப்பை வைத்தேன். செத்துப்போன வாஷிங் மெஷின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "கவலைப்படாதீர்கள் மேடம், உங்கள் மெஷினைப் பிழைக்க வைத்துவிடலாம்" என்று பிரெஞ்சில் ஆறுதல் சொல்ல ஆரம்பித்தேன்.

அங்கே காலை ஒன்பது மணி என்றால் இங்கே மத்தியானம் ஒன்றரை. அந்த நேரம் அண்ணி தாழ்வாரத்தை ஒட்டின கல்லில் துணி துவைப்பாள். தொப், தொப் என்று ஹெட்செட் வழியாக பிரான்ஸ் வரைக்கும் கேட்கும். ஒரு பாட்டி, "அது என்ன சத்தம்? உன் மெஷினும் கெட்டுப்போய்விட்டதா பெண்ணே?" என்று ரொம்ப இரக்கமாகக் கேட்டார்.

"இன்னாவாம் அந்தம்மாவுக்கு?" என்று அண்ணி கேட்டாள்.

"துணி சுத்த மாட்டேங்குதாம், அண்ணி."

"பாக்கெட்ல காசு இருந்திருக்கும். எடுத்துப் போட்டுட்டுப் போடச் சொல்லு."

சொன்னேன். பாட்டி போய்ப் பார்த்தார். காசுதான். அந்த வாரம் பாதிப் புகார்களைத் தீர்த்தது அண்ணிதான். பாராட்டு எனக்கு வந்தது.

அடுத்த திங்கட்கிழமை மேனேஜர் வீடியோவில் வந்தார். என் பின்னால் தாழ்வாரத்துக் கம்பி, அதற்குப் பின்னால் உப்பளம். மாசி மாச வெயிலில் வரப்பு நெடுக உப்பு அம்பாரம் அம்பாரமாகப் பளிச்சென்று நின்றது. மேனேஜர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அட, பனியா? எங்கே இருக்கிறாய்?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் முந்திக்கொண்டது. "மாமியாருக்கு உடம்பு சரியில்லை. மலைப் பக்கம் வந்திருக்கிறேன்" என்றேன். என் மாமியார் புதுச்சேரியில் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்.

"பனியில் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறாயே! சளி பிடிக்கும். ஸ்வெட்டர் போட்டுக்கொள்" என்றார் அந்த நல்ல மனுஷி. இதற்கு மேல் போடாமல் இருக்க முடியுமா? விமானத்தில் போட்டு வந்த கம்பளி ஸ்வெட்டரையும் குல்லாவையும் தேடி எடுத்தேன். அதற்கப்புறம் வீடியோ கூட்டம் என்றால் அந்த வேஷம்தான். உச்சி வெயிலில், காற்றே அசையாத தாழ்வாரத்தில், குல்லாவோடு. வியர்வை முதுகில் ஓடும். எதிர் வீட்டு அம்மா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு அண்ணியிடம் நிலவேம்புப் பொட்டலம் கொடுத்தனுப்பினார். அண்ணி காய்ச்சிக் கொண்டுவந்து நின்றாள். குடிக்காவிட்டால் விட மாட்டாள். கண்ணில் நீர் வர, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே குடித்தேன். மேனேஜர், "சூடாக சாக்லேட் குடிக்கிறாயா? நல்லது" என்றார்.

அம்மா இவ்வளவு கூத்தையும் கட்டிலில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நடக்கிற வழியைத்தான் காணோம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசற்படி வரை வருவாள், "அப்பாடி, முடியலடி" என்று திரும்பிவிடுவாள். நான் வந்து ஐந்தாவது வாரம் நடந்துகொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் டீ ஃபிளாஸ்க்கை மறந்து வைத்துவிட்டு உப்பளத்துக்குப் போய்விட்டான். ஃபிளாஸ்க் தூக்குவது வேலையா என்று அண்ணியும் நானும் கொஞ்ச நேரம் விவாதித்தோம். பிறகு அண்ணி ஃபிளாஸ்க்கைத் தூக்க, நான் வெறுங்கையோடு கூடப் போனேன். பாத்தியில் பெண்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு அக்கா சிரித்துக்கொண்டே உப்பு வாரும் பலகையை என் கையில் திணித்து, "ஒரு போட்டோ புடிச்சிக்க. பிரான்சுக்குக் காட்டு" என்றார். நீளக் கழி, நுனியில் பலகை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்தியில் இறங்கி நின்றேன். அண்ணன் போட்டோ எடுத்தான்.

எடுத்தவன் சும்மா இருந்தானா? தட்டு கழுவ விடாத அந்தச் சட்ட மேதை, போட்டோவைத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டான். கீழே எழுதியும் வைத்தான்: "வெளிநாடு போனாலும் உப்பளத்தில் உழைப்பதை மறக்காத என் அருமைத் தங்கை." சி படிவம் கொடுத்த சமயத்தில் போலீஸ் ஸ்டேஷனில் வெளிநாட்டுக்காரர் பதிவு பார்க்கிறவர் அண்ணன் நம்பரைத் தன் போனில் போட்டு வைத்திருந்தார். அண்ணனும் அவர் நம்பரை வைத்திருந்தான். சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணி. நான் குல்லா, ஸ்வெட்டர் சகிதம் மேனேஜரோடு வீடியோவில் இருந்தேன். வாசலில் பைக் சத்தம். அடுத்த நிமிஷம் அண்ணன் முகம் வெளுத்துப் போய்த் தாழ்வாரத்துக்கு வந்தான். பின்னாலேயே காக்கிச் சட்டையில் அந்தப் பதிவு பார்க்கிறவர்.

"ஒரு நிமிஷம்" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு எழுந்தேன். கேமராவை அணைக்கத் தோன்றவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா ஸ்வெட்டரு?"

"குளுரு ஜொரம் சார்" என்றாள் அண்ணி, துணி துவைத்துக்கொண்டே.

அவர் போனை எடுத்து, ஸ்கிரீன்ஷாட் பிடித்து வைத்திருந்த ஸ்டேட்டஸ் படத்தைக் காட்டினார். "இது நீங்கதானே? டூரிஸ்ட் விசாவுல வந்துட்டு உப்பளத்துல வேலை செய்யுறீங்களா?"

"சார், சத்தியமா இல்ல சார்! சும்மா போட்டோவுக்கு நின்னேன். எங்கம்மா நடக்கணும்னுதான் சார் வந்தேன். அது நடக்குற வரைக்கும் என்னை அனுப்பிடாதீங்க சார்!" அழுதே விட்டேன். குல்லாவுக்குள்ளிருந்து வியர்வை கண்ணில் இறங்கியது.

அவர் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். இன்னும் பெரிதாக்கினார். முகம் மாறியது.

"எங்கப்பா இங்க முப்பது வருசம் உப்பு வாரினவரும்மா. பலகையத் தலைகீழா புடிச்சிருக்கீங்க. கழி தண்ணிக்குள்ள கெடக்குது, பலகை ஆகாசத்தைப் பாக்குது. இதை வேலைன்னு நான் எழுதிக் குடுத்தா எங்க ஐயா என்னையத்தான் பைத்தியம்பாரு."

அண்ணன் போனை வாங்கிப் பார்த்தான். "அடச்சே!" என்றான். உப்பளக்காரன் வீட்டுப் பெண் நான். மானம் போனாலும் விசா பிழைத்தது.

அவர் கிளம்பப் போனவர் ஹெட்செட்டைப் பார்த்துவிட்டார். "அது யாரு கூட பேசினு இருந்தீங்க?"

அண்ணிதான் பதில் சொன்னாள். "பிரான்ஸ்ல இருக்கிற கெழவிங்க கூட சார். அவங்க துணி தொவைக்கிறதைப் பத்தித்தான் நாள்பூரா பேச்சு. துணி வெளுக்கலியாம், சுத்தலியாம். இங்க நான் தொவைக்கிறேன், அதைப் பத்தி ஒருத்தரும் பேசல."

ஒரு வார்த்தை பொய் இல்லை. அவர் சிரித்துவிட்டு அண்ணனிடம் திரும்பினார். "வீட்டு வேலை ஏதாவது வாங்குறீங்களா இவங்ககிட்ட?"

"சேச்சே. வீட்டு வேலையெல்லாம் ஒரு வேலையா சார்? அதைக்கூட செய்ய விடல" என்றான் அண்ணன், ரொம்பப் பெருமையாக.

துவைகல்லில் சத்தம் நின்றது. அண்ணி ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி அண்ணனைப் பார்த்தாள்.

போகும்போது அந்த மனுஷர் என்னிடம் மெதுவாக, "சட்டம் முழுக்க எனக்கும் தெரியாதும்மா. ஆனா உங்களுக்கே சந்தேகமா இருக்கிற எதையும் செய்யாம இருங்க. அம்மாவைப் பாத்துக்கோங்க" என்றார். பைக் சத்தம் தேய்ந்ததும் லேப்டாப் பக்கம் திரும்பினேன். மேனேஜர் அப்படியே உட்கார்ந்திருந்தார். வாய் திறந்திருந்தது.

"அந்தச் சீருடைக்காரர் யார்? ஏன் எல்லோரும் செருப்புப் போடாமல் இருக்கிறீர்கள்? பனியில்?"

இனிமேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. குல்லாவைக் கழற்றினேன். ஸ்வெட்டரையும் கழற்றினேன். அது பனி இல்லை, உப்பு என்றேன். மாமியார் இல்லை, அம்மா என்றேன். முட்டி, விசா, தட்டு, நிலவேம்பு என்று எல்லாவற்றையும் கொட்டினேன். மேனேஜர் காலண்டரைப் புரட்டிப் பார்த்தார். அப்புறம், "லேப்டாப்பை உடனே மூடு. நீ அங்கிருந்து ஒரு நிமிஷம்கூட வேலை செய்யக் கூடாது. சம்பளமில்லாத லீவு பதினாலு நாள் போடுகிறேன். பதினைந்தாவது நாள் இங்கே இருக்க வேண்டும். அதற்கு மேல் என்னால் காப்பாற்ற முடியாது" என்றார். மூடப் போகும்போது, "அது நிஜமாகவே உப்பா?" என்று கேட்டார்.

ஆக, இரண்டு நாட்டுச் சட்டப்படியும் நான் சுத்தமாகிவிட்டேன். கையில் பதினாலு நாள். அம்மா இன்னும் வாசற்படியைத் தாண்டவில்லை.

மறுநாளும் அண்ணி வாய் திறக்கவில்லை. அதற்கு மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தால், தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உப்பளத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அடுப்பு பற்றவைக்கவில்லை. காப்பி இல்லை.

"அண்ணி, ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்குது. நான் பிரம்மதேசத்துல இருந்து இந்த வீட்டுக்கு வந்து பதினாலு வருசம் ஆச்சு. எந்த விசான்னு இன்னிவரைக்கும் ஒருத்தரும் சொல்லல. நான் செய்யுறது வேலையும் இல்லியாம். இன்னிலேர்ந்து நானும் டூரிஸ்ட்டு. வா, வந்து ஒக்காரு, சுத்திப் பாக்கலாம்."

அண்ணன் இதைக் கேட்டுச் சிரித்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் டீக்கடையைப் பார்த்துப் போய்விட்டான். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. பன்னிரண்டு வருஷமாக வருகிற போதெல்லாம் இவள் கையால் தின்றுவிட்டுப் போகிறேன், ஒருநாளும் கேட்டதில்லையே! "நான் காப்பி போடுறேன் அண்ணி" என்று எழுந்தேன்.

"ஒக்காரு. நீ போட்டா கேசு."

இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு நானும் உட்கார்ந்தேன். இருவரும் உப்பளத்தைச் சுற்றிப் பார்த்தோம். அரை மணி நேரம் பார்த்தோம். அதில் பார்க்க அவ்வளவு ஒன்றும் இல்லை. உள்ளேயிருந்து அம்மா, "காப்பி ஆச்சா?" என்று இரண்டு முறை கேட்டாள். அண்ணி நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டாள். எனக்கும் எழுந்திருக்கத் தைரியம் இல்லை.

கொஞ்ச நேரத்தில் சமையலறையில் டங்கென்று பாத்திரச் சத்தம். பூனை என்று நினைத்து இருவரும் எழுந்து போனோம்.

அம்மா நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் வாக்கர் இல்லை. மேல் தட்டை எட்டிக் காப்பித்தூள் டப்பாவை இறக்கினாள். பால் பாக்கெட்டை வெட்டிக் குண்டானில் ஊற்றினாள். அங்கிருந்து சர்க்கரை டப்பா வரைக்கும் விறுவிறுவென்று போய், விறுவிறுவென்று திரும்பினாள். அது அன்றைக்கு ஆரம்பித்த நடை இல்லை. நாங்கள் கண்ணயர்ந்த நேரமெல்லாம் பழகிப் பழகி வந்த நடை.

"அம்மா!"

அம்மா திரும்பினாள். ஒரு கணம் முழித்தாள். அப்புறம் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டாள். "ரெண்டு டூரிஸ்ட்டு வந்து குந்திக்கினு இருக்கீங்க. ஒரு வாய் காப்பிக்கு நான் எங்க போவேன்?"

"எத்தினி நாளா நடக்குற?"

அம்மா திரும்பிக்கொண்டாள். அடுப்பைப் பற்றவைத்தாள். முதுகைக் காட்டியபடியே, "உனக்கு லீவு இன்னும் எத்தினி நாளு?" என்றாள்.

"பன்னெண்டு நாளு."

"அப்ப பதிமூணாவது நாளு நடக்குறேன்."

எனக்கு வந்த கோபத்தில் வாக்கரைத் தூக்கி எறிந்திருப்பேன். உனக்காக நான் இரண்டு நாட்டுக்குப் பயந்து, குல்லா போட்டு, நிலவேம்பு குடித்து, போலீஸ்காரர் முன்னால் அழுது... சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. "நடந்தா கெளம்பிடுவேன்னு முதல் நாளே சொன்னியே" என்றாள் அம்மா, பாலைப் பார்த்துக்கொண்டே. அண்ணி என்னை ஒரு பக்கம் நகர்த்திவிட்டு டம்ளர்களைக் கழுவி வைத்தாள். தன் டூரிஸ்ட் விசாவை அவள் மறந்துவிட்டாள். மூன்று பேரும் நின்றபடியே குடித்தோம். அம்மாவின் காப்பியில் சர்க்கரை எப்போதுமே ஜாஸ்திதான்.

வாசல் கதவுச் சத்தம் கேட்டது. அண்ணி, "அத்தை, போங்க, போங்க!" என்று விரட்டினாள். அம்மா ஐந்தே எட்டில் கட்டிலுக்குப் போய்ப் படுத்து, போர்வையை இழுத்துக்கொண்டாள்.

அண்ணன் உள்ளே வந்தான். "அம்மா இன்னிக்காவது நடந்துச்சா?"

"எங்க நடக்குது?" என்றாள் அண்ணி.

அவன் கண் மேடையில் இருந்த டம்ளர்கள் மேல் போனது. நுரைகூட இன்னும் காயவில்லை. "காப்பி யாரு போட்டது? நீதான் டூரிஸ்ட்டுன்னியே?"

அண்ணி என்னைப் பார்த்தாள். உள்ளே கட்டில் லேசாகக் கிரீச்சிட்டது.

"நான்தான் போட்டேன்" என்றேன்.

அண்ணன் பதறிப்போய் ஓடி வாசல் கதவைச் சாத்தினான். ஜன்னலையும் சாத்தினான். "மெதுவா சொல்லு! யாராவது பாத்தாங்களா?"

"யாரும் பாக்கல" என்றாள் அம்மா, போர்வைக்குள்ளிருந்து.